கைப்பேசிப் புனர்ஜன்ம நிர்ணயம்

யானைக்கும் குதிரைக்கும், இரத்தினத்துக்கும் சகுனத்துக்கும், பல்லி விழும் பலனுக்கும்கூடத் தனித்தனியே சாஸ்திரம் செய்துவைத்த நம் முன்னோர், புதுப்பிக்கப் புகுந்து பாதி வழியில் நின்றுவிட்ட கைப்பேசிக்கு மட்டும் ஒன்று செய்யாமற் போனது, அக்கருவி அக்காலத்தில் இல்லாத காரணத்தால் மன்னிக்கத்தக்கதே. ஆயினும், கேகாலை மாவட்டத்தில் அவிசாவளைக்கும் தெரணியகலைக்கும் இடையே தெஹியோவிட்டவைச் சூழ்ந்து கிடக்கும் இறப்பர்த் தோட்டங்களில், பால் வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பும் அப்பாயிமார் முதல் அவிசாவளைக்குப் பஸ் ஏறும் பேரப்பிள்ளைகள் வரை யாவரும் அக்கருவியின் தயவில் காலங்கழிக்கும் இந்நாளில், அக்குறையை மேலும் நீடிக்கவிடுவது அறிவுடையோர்க்கு அழகன்று எனக் கருதி இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது.

அப்டேட் செய்யாமலே இருந்துவிட்டால் என்ன நஷ்டம் என்பது முதற்கண் எழும் ஆட்சேபம். 2023 ஒக்டோபர் 24ஆம் திகதியோடு, அண்ட்ரொய்ட் 5.0க்குக் கீழ்ப்பட்ட கருவிகளை வாட்ஸ்அப் கைவிட்டது. பழையதே போதும் என்று திருப்தியடைந்திருந்த பலரும் வெளிநாட்டிலுள்ள மகளின் முகத்தைக் காண வழியற்றுப் போயினர். ஆகவே அப்டேட் என்பது விருப்பத்தின்பாற்பட்ட கர்மமன்று, நித்திய கர்மமே என்பது பெறப்பட்டது.

இனி நோயின் இலக்கணம். முயன்று, தோற்று, பழைய நிலைக்கே திரும்பிவிடுவது உத்தமம். கம்பெனிச் சின்னத்தைக் காட்டிக்கொண்டு அணைவதும் எரிவதுமாக இருப்பது மத்திமம். எந்தப் பட்டனுக்கும் மறுமொழி கூறாமல் கறுத்துக் கிடப்பது அதமம். உத்தம நிலை ஓரளவு கைகூடுவது, 2016இல் வந்த அண்ட்ரொய்ட் 7.0 முதற்கொண்டு பல கருவிகளில் அமைந்த ஒரு யுக்தியினாலாகும். இரண்டு காம்பராவில் ஒன்றில் குடியிருந்துகொண்டே மற்றதற்கு வெள்ளையடித்து, காய்ந்த பின் குடிபோவதைப் போல, கருவியானது ஒரு பகுதியில் இயங்கிக்கொண்டே மறுபகுதியில் புதியதை எழுதி, அது சரிவராவிடில் பழைய பகுதிக்கே மீளும். லயத்துக் குடும்பங்களுக்கு எளிதில் வாய்க்காத வசதி கைப்பேசிக்கு வாய்த்தமை கவனிக்கத்தக்கது.

பரிகாரம் பற்றி இவ்வூரில் மூன்று மதங்கள் வழங்குகின்றன.

முதலாவது, 'ஓஃப் பண்ணி ஓன் பண்ணு' என்னும் மதம். இதைப் பாமரர் கொள்கை என்று இகழ்வார் உளர். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஓர் அப்டேட்டினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் மூர்ச்சித்து, விமானங்களும் வைத்தியசாலைகளும் ஸ்தம்பித்தபோது, மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் மேகக் கணினிகளுக்குக் கூறிய உபாயங்களுள் ஒன்று, அணைத்து எழுப்பிப் பாருங்கள், 15 தடவை வரைகூடத் தேவைப்படலாம் என்பதே. தெஹியோவிட்டப் பாமரர் மூன்றோடு நிறுத்திக்கொள்வதால், அவரே அதிக நிதானமுடையவர் எனல் வேண்டும்.

இரண்டாவது, ஈர்க்கு மதம். சார்ஜர் குத்தும் துவாரத்தில் அடைந்த தூசியை விளக்குமாற்று ஈர்க்கொன்றால் கிண்டி எடுத்து, வாயால் ஊதி, வேறொரு வயரைச் சொருகிப் பார்க்க வேண்டுமென்பது இவர்கள் துணிபு. கணினியோடு இணைத்து ஐபோனை மீட்கையில் 9, 4013 என்னும் பிழை எண்கள் தோன்றினால், வயரையும் அது செருகப்பட்ட இடத்தையும் மாற்றிப் பாருங்கள் என்று அப்பிள் நிறுவனமே சொல்வதால், ஈர்க்கு நீங்கலாக, இம்மதமும் பிரமாணமுடையதே.

மூன்றாவது, சர்வ சங்கார மதம். டவுனிலுள்ள கொமினிகேஷன் கடைத் தம்பிமார் இதன் ஆசாரியர்கள். இரண்டு பட்டன்களை ஒருசேர அழுத்திப் பிடித்து, உள்ளிருப்பதையெல்லாம் அழித்து, கருவியைப் பிறந்த மேனியாக்குவது இவர்கள் கிரியை. உயிர் பெரும்பாலும் திரும்பும். பூர்வஜன்ம ஞாபகம் மட்டும் திரும்பாது.

மூன்றிலும் உண்மையின் ஒவ்வோர் அம்சம் உண்டாயினும், முழு உண்மை அவற்றில் இல்லை என்பது நம் சித்தாந்தம். புதுப்பித்தல் என்பது இடம், மின்சாரம், சிக்னல், காலம், உடையவர் என்னும் ஐந்தங்கங்களின் சேர்க்கையால் நிகழும் காரியம். அவ்வைந்தும் ஒரே வேளையில் ஒரே ஸ்தலத்தில் கூடாமையே தோட்டப் பகுதியில் அது தோற்பதற்குக் காரணம்.

இடமாவது கருவியின் உள்ளே உள்ள வெற்றிடம். இறக்கிய பொதியை வைக்கவும் அவிழ்க்கவும் தனித்தனியே இடம் வேண்டியிருக்க, அங்கே நிறைந்திருப்பனவோ நாடோறும் வந்து குவியும் காலை வணக்கப் பூக்களும், பாடசாலைகள் மூடியிருந்த 2020ஆம் ஆண்டில் ஆசிரியர் அனுப்பிய பாடங்களுமாகும். மின்சாரத்தின் கதை வேறு. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாதாகையால் மழை நாளில் ஓய்வுண்டு, ஆனால் இடிக்கு அஞ்சிப் பிளக்கைப் பிடுங்கிவிடுவர். வெயில் நாளில் மின்சாரமுண்டு, ஓய்வில்லை. இவ்விரண்டும் பொருந்திய வேளையிலும் விதி வேறு உருவில் வரலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதால் தீவு முழுவதும் இருண்டதென அமைச்சரே அறிவித்தாராதலின், காரணங்களுள் குரங்கைச் சேர்க்காத நூல் பூரணமாகாது.

சிக்னல் மேட்டிலும் பிளக் பள்ளத்திலும் இருப்பது மலைநாட்டுப் பூகோளம். சிக்னல் மெலிந்து, கணினியோடு இணைத்து மீட்பு நிலையில் வைத்த ஐபோனுக்குரிய கோப்பு 15 நிமிடத்துக்குள் வந்து சேராவிடில், கருவி காத்திருக்கப் பொறாது அந்நிலையை விட்டு வெளியேறிவிடும். கோப்பு முழுதும் இறங்கிய பின் மறுபடியும் அந்நிலைக்குக் கொணர்வதே பரிகாரம் என்பதை அறியாதோர் அதை இறந்ததாக எண்ணிக் கலங்குவர்.

காலமென்னும் அங்கம் நுட்பமானது. இக்கருவிகள் காலத்தை 1970 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து எண்ணுகின்றன. அந்தப் பூச்சிய விநாடி இலங்கைக் கடிகாரத்தில் அதிகாலை 5.30. பற்றரி அறவே வறண்டு திகதி பின்னோக்கிப் போய்விட்டால், டட்லி சேனநாயக்கா இன்னும் பிரதமராக இருப்பதாக நம்பும் அக்கருவி, இக்காலத்துச் சேவகக் கணினி நீட்டும் சான்றிதழைச் செல்லாது என்று தள்ளிவிடுகிறது. 2016இல் சில ஐபோன்கள் அத்திகதிக்குத் திருப்பப்பட்டு, அணைத்து எழுப்பப்பட்ட மாத்திரத்தில் உயிரையே விட்டன என்பதும், ஐஓஎஸ் 9.3 வந்த பின்னரே அக்குறை நீங்கியதென்பதும் இதற்குச் சாட்சி. திகதியைத் தானியங்கியாக வைப்பது இதற்கு மருந்து.

ஐந்தாவதாகிய உடையவர் என்பதே அனைத்திலும் கடினம். அப்பாயியின் பெருவிரலில் ஒட்டுப்பால் மெல்லிய தோலாக உலர்ந்திருக்கும். அதை நகத்தால் உரித்து, சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தால்தான் கருவி திறக்கும். அப்டேட் முடிந்து எழுந்த கருவியோ முதலில் விரலை ஏற்காது, இரகசிய எண்ணைக் கேட்கும். அதை வைத்தவன் கொழும்பில் கடையொன்றில் நிற்கும் பேரன், அவனும் மறந்துவிட்டான். கடைத் தம்பி சர்வ சங்காரம் செய்கிறார். உடனே, 2015இல் அண்ட்ரொய்ட் 5.1ஓடு வந்த காவல் விழித்துக்கொண்டு, முன்பிருந்த கூகிள் கணக்கைக் காட்டி உரிமையை நிரூபி என்கிறது. கணக்கை மீட்கும் எண்ணோ எப்போதோ தூக்கியெறிந்த சிம்முக்குரியது.

"நாந்தான் நான்னு இதுக்கும் காயிதம் காட்டணுமா தம்பி?" என்று அப்பாயி கேட்பது வெறும் பரிகாசமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும் வரைக்கும் எஞ்சியோர் தம்மைத் தாமென்று காட்டக் கடதாசி சுமந்து திரிந்த ஒரு சமூகத்தின் அனுபவஞானம் அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. குடும்பம் ஓரிடத்தில் வாழ்ந்த காலத்தில் சாவி ஒருவர் இடுப்பிலேயே இருந்தது. பிழைப்புக்காக அது நாலு திசையும் சிதறிய பின் கருவி லயத்திலும், சாவி கொழும்பிலும், சாவியின் சாவி கடல் கடந்துமாகக் கிடக்கின்றன. கைப்பேசி புதுப்பிக்க மறுப்பது யந்திரக் கோளாறாகத் தோன்றினும், ஆராயுங்கால் அது குடிபெயர்வின் விளைவேயாம்.

எனவே, அப்டேட்டைத் தொடங்குமுன் கணக்கின் பெயரையும் இரகசிய எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு தகரப் பெட்டியில் வைத்தல் வேண்டும் என்பது இந்நூலின் முடிந்த முடிபு. மறந்துபோகாதிருக்கும் பொருட்டு அவற்றை அக்கைப்பேசிக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் அன்பர்கள், தர்க்க நூலார் அந்நியோந்நியாசிரயம் என்று பெயரிட்ட தோஷத்துக்கு ஆளானவர்கள். அவர்களுக்கு இச்சாஸ்திரத்தில் பரிகாரம் இல்லை.