கோளும் தாளும்: கேள்வி – பதில்

கே: உலகப்படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரிகின்றனவே?

ப: ஆப்பிரிக்காவின் பரப்பு கிரீன்லாந்தைப்போல் 14 மடங்கு. குற்றவாளி, உருண்டை உலகைத் தாளில் விரிக்க 1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட கோட்டுச்சட்டம். அது மாலுமிக்காகப் போட்டது. காம்பஸில் ஒரே கோணம் பிடித்து ஓடும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். அந்தச் சலுகைக்கு விலையாகத் துருவப் பக்கம் போகப் போக எல்லாம் வீங்கும்: 60 பாகை அட்சத்தில் நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. துருவத்துக்குப் படத்தில் இடமே கிடையாது. ஒரு தோணிகூட ஓட்டாத பள்ளிக்கூடங்கள் இன்னும் அதையே சுவரில் மாட்டுகின்றன.

கே: பிழையே இல்லாத கோட்டுச்சட்டம் எது?

ப: உலக உருண்டை. தாளில் அது நடக்காது என்பதற்கு 1827இல் கணித மேதை காஸ் தந்த கணக்கே சாட்சி.

கே: பிராக்டிகல் தேர்வில் எந்தக் கோட்டுச்சட்டம் வரும்?

ப: படிக்காமல் விட்டது.

கே: நிலம் அளக்கும்போது செயினை ஏன் அப்படி இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள்?

ப: கன்டர் செயின் 66 அடி, 100 கண்ணி. நடுவில் தொய்ந்தால் இரு முனைக்கும் இடையே 65 சொச்சம் அடிதான் இருக்கும். குறிப்பேட்டிலோ 66 என்று ஏறும். உட்கார்ந்த இடத்தில் நிலம் வளரும். மனை விற்பவருக்கு மிகப் பிடித்த பிழை இது.

கே: காம்பஸில் முன்நோக்குக்கும் பின்நோக்குக்கும் 180 பாகை வித்தியாசம் வரவில்லை. கருவி பழுதா?

ப: முதலில் கம்பிவேலி, மின்கம்பம், சட்டைப்பையில் செல்போன் ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். கருவியைக் குற்றம் சொல்வது பிறகு.

கே: சர்வேயர் தவறே செய்ய மாட்டாரா?

ப: செய்வார், திருத்தவும் செய்வார். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன், 1808இல் அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றச் சொன்னார். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டமே நெளிந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சரிசெய்து, அளவையைத் தொடர்ந்தார்.

கே: எங்கள் குழுவின் பலகோணம் அப்பழுக்கில்லாமல் மூடியது. ஆசிரியர் ரெக்கார்டில் கையெழுத்துப் போட மறுக்கிறாரே?

ப: அப்பழுக்கில்லாததால்தான். வெயிலில் நடந்து அளந்த பலகோணம் தொடங்கிய புள்ளியில் வந்து முடிவது அபூர்வம். சிறு இடைவெளி விழும். அதுவே மூடுபிழை. கடந்த தூரத்துக்கு ஏற்ற விகிதத்தில் அதை எல்லா நிலையங்களுக்கும் பகிர்ந்து திருத்துவது பௌடிச் முறை. பிழை இல்லாத பலகோணம் பெரும்பாலும் மரநிழலில் அளந்தது.