பதினோராம் மாடிக்குப் பறித்த கீரை

சென்னைவாசிகள் மண்ணுக்குத் திரும்பிவிட்டார்கள், அதுவும் லிஃப்டில். செல்பேசியில் ஒரு தட்டு, பத்தே நிமிடத்தில் முருங்கைக்கீரை பழுப்புக் காகிதப் பையில் பதினோராம் மாடிக்கு வந்துவிடுகிறது. பையில் ஒரு விவசாயி சிரிக்கிறார். பத்து நிமிடத்தில் வருவதால் தோட்டம் அடுத்த தெருவில்தான் இருக்க வேண்டும். கோயம்பேடு சந்தைச் சரக்கு என்று சந்தேகிப்பவர்கள் நாத்திகர்கள்.

வளாகத்தில் நின்ற முருங்கையை வெட்டியது சரியான முடிவு. கம்பளிப்பூச்சி, கார் நிறுத்த இடைஞ்சல். தவிர, ஓசிக் கீரையில் என்ன சத்து இருந்துவிடப் போகிறது?

பருவத்துக்கேற்ற உணவு என்பதிலும் நாங்கள் கண்டிப்பு. மார்கழியில் மாம்பழம் வாங்குகிறோம் என்றால், உலகில் எங்கோ அதற்குப் பருவம் என்றுதான் பொருள்.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். இடைத்தரகர் கிடையாது, விலை பலகையில் இருக்கும். ஆனால் அங்கே விவசாயி படமாக இல்லாமல் ஆளாகவே உட்கார்ந்திருப்பார். பேச வேண்டிவரும். பையையும் நாமே தூக்க வேண்டும்.

கீரைக்காரம்மாவை உள்ளே விடக் கூடாதென்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். நேற்று அவரைத் திருப்பி அனுப்பிய காவலாளி, கீரைக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "காலையில பறிச்சதுங்க" என்றார். எப்படித் தெரியும் என்றேன். செய்யாறு பக்கம் ரெண்டு ஏக்கரில் கீரைதான் போட்டாராம். கட்டுப்படியாகாமல் இங்கே வந்துவிட்டாராம்.

சங்கச் செயலாளரிடம் உடனே சொன்னேன். ஆளுக்கு மீசை எடுப்பாக இருக்கிறது, பையில் அச்சடிக்கலாம்.