பெட்டி 99, பார்க்க 174

ஈஸ்ட் ஹாம், லண்டன்
நவம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு செல்வம் எழுதுவது.

"பெட்ரூமுக்கு டிவி வாங்கப்போறேன்னியே, வாங்கிட்டியா? என்ன சைஸ்?" என்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி போனை வாங்கி, ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்ற விசாரணையை ஆரம்பித்துவிட்டார்கள். தவிர, காலமெல்லாம் சாலிடேர், டயனோரா டிவிகளைத் திறந்து மூடியவரிடம் இதை அவசரமாகச் சொல்லவும் மனசில்லை. அதனால்தான் கடிதம்.

சைஸ் 24 இஞ்ச். திட்டாதீர்கள். 32-க்குக் கீழே போகாதே என்று சொல்லியிருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் அறைக்குப் பெயர்தான் பெட்ரூம். பெட் உள்ளே வந்ததும் ரூம் வெளியே போய்விட்டது. தலையணைக்கும் எதிர்ச்சுவருக்கும் ஐந்தடி. 32 வைத்தால் அலமாரிக் கதவு திறக்காது. சுவரில் மாட்டலாம் என்றால், ஓட்டை போட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதியிருக்கிறார் வீட்டுக்காரர்.

கடையில் 55, 65 என்று கதவு கதவாக நிற்க, 43-ஐச் சின்ன டிவி என்கிறார்கள். 24 கேட்டதும் கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்து "கேரவனுக்கா?" என்றான். இங்கே ஒரு குட்டி வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு லீவுக்குப் போவார்கள். அதில் வைக்க 12 வோல்ட்டில் ஓடும் சின்ன டிவி தனியாக வருகிறது. வருஷம் முழுக்க நான் குடியிருக்கும் அறைக்குத்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். கார் பேட்டரியிலிருந்து ஒயர் எப்படி இழுப்பது என்று அக்கறையாக வகுப்பெடுத்தான். காரே இல்லாதவன் கைகட்டிக் கேட்டேன்.

கடைசியில் 99 பவுண்டுக்குச் சாதாரணக் கரண்டில் ஓடுவதையே வாங்கினேன். 720 வரிதான். ஐந்தடி தூரத்தில், இந்தச் சைஸில் புள்ளி தெரியாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் சரி. அதற்கப்புறம்தான் கதை.

இந்த நாட்டில் டிவி பார்க்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீஸில் பணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கிய காலத்தைச் சொல்லிச் சிரிப்பீர்களே, நம் ஊரில் எண்பதுகளிலேயே எடுத்துவிட்ட அந்த வழக்கம் இங்கே ஜாம்ஜாம் என்று நடக்கிறது. 1946-ல் 2 பவுண்டில் தொடங்கியது, இந்த ஏப்ரலிலிருந்து 174 பவுண்டு 50 பென்ஸ். நம் காசில் இருபதாயிரத்துக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொன்னதை லண்டனில் வந்து பார்க்கிறேன். கட்டாமல் பார்த்து மாட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம். திருட்டு டிவியை மோப்பம் பிடிக்க 1952-லேயே வேன் விட்டவர்கள். 2013 வரை, டிவி விற்ற கடைக்காரரே வாங்கியவரின் பெயர், விலாசத்தை எழுதி அனுப்ப வேண்டியிருந்ததாம். உங்கள் கடையில் அப்படிக் கேட்டிருந்தால் கடன் நோட்டை அப்படியே அனுப்பியிருப்பீர்கள்.

பணம் போகிறது, விதியைக் கேளுங்கள். கீழே ஹாலில் இருக்கிற பெரிய டிவிக்கு வீட்டுக்காரர் லைசென்ஸ் வைத்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து நான் எதையும் பார்க்கலாம். ஆனால் எங்கள் நாலு அறைக்கும் தனித்தனி அக்ரிமென்ட். ஆகவே என் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து பார்த்தால் அது வேறு வீடு, வேறு லைசென்ஸ். படி மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன கணக்கு என்று எங்கும் எழுதவில்லை, தேடினேன்.

பக்கத்து அறையில் உசிலம்பட்டிப் பையன் ஒருவன் எம்.எஸ்ஸி. படிக்கிறான். மாணவர்களுக்குச் சலுகை உண்டு: பேட்டரியில் ஓடும் டப்பாவில், கரண்டில் செருகாமல் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம். லேப்டாப்பை முழுக்கச் சார்ஜ் போட்டு, வயரைப் பிடுங்கி, குஷியாக உட்கார்ந்தான். அப்புறம்தான் அடுத்த வரியைப் படித்தோம்: லீவுக்குப் போகும் அப்பா அம்மா வீட்டுக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். உசிலம்பட்டி வீட்டுக்கு யார் கொடுப்பார்கள்?

கறுப்பு வெள்ளை டிவி என்றால் 58 பவுண்டு 50 பென்ஸ்தான். நிஜமாகவே இன்னும் அந்த லைசென்ஸ் இருக்கிறது. நம் பரணில் ஷட்டர் போட்ட டயனோரா கிடக்குமே என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆனால் இங்கே 2012-லேயே எல்லாம் டிஜிட்டல். தனியாக ஒரு பெட்டி இணைக்க வேண்டும். அந்தப் பெட்டி ரெக்கார்டும் செய்கிற ரகமென்றால் கலர் லைசென்ஸ்தான் எடுக்க வேண்டுமாம். கண் தெரியாதவர்களுக்கும் தள்ளுபடி உண்டு. முழுசாக இல்லை, பாதி.

சன் டிவி பார்த்தால்கூடவா என்பீர்கள். எந்த நாட்டுச் சேனலானாலும் நேரலை என்றால் பி.பி.சி.க்குக் கட்ட வேண்டும். முடிந்த சீரியலை யூடியூபில் அப்புறம் பார்த்தால் வேண்டாம். ஆகவே சீரியல் பிரச்சினையில்லை. அங்கே எட்டு மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை, நான் வேலையில் இருப்பேன். கிரிக்கெட்தான் காலை வாரியது. அங்கே ஒன்பதரைக்கு முதல் பந்து போடும்போது இங்கே விடியற்காலை நாலு மணி. அதைச் சாயந்திரம் பார்க்க முடியுமா, சொல்லுங்கள். விக்கெட் விழுந்த மறுநிமிஷம் சித்தி அழுகிற பொம்மை அனுப்பிவிடுகிறார்கள்.

அதுவும் போக, சித்தி வீடியோ கால் போட்டு போனை டிவி பக்கம் திருப்பிவைக்கிறார்களே, அதை நான் கட்டிலில் படுத்துப் பார்த்தால் நேரலையா இல்லையா? இதற்கு விதி எழுதியவர்கள் சித்தியைப் பார்த்ததில்லை.

லைசென்ஸை எடுத்துவிட்டேன், தவணையில். இந்த நாட்டில் என் பெயருக்கு வந்த முதல் உரிமம், ஓட்டுவதற்கல்ல, பார்ப்பதற்கு! இப்போது நாலு மணிக்கு எழுந்து போர்வைக்குள்ளிருந்தே மேட்ச் பார்க்கிறேன். படம் தெளிவு. ஆனால் நல்ல பந்தை விட்டுவிட்டு மோசமான பந்துக்கு மட்டையை நீட்டுகிறவனைத் திட்டப் பக்கத்தில் ஆள் இல்லை. நானே திட்டிப் பார்த்தேன், உங்கள் அளவுக்கு வரவில்லை. வீடியோ காலில் பாதி டிவியும் பாதி மின்விசிறியும்தான் தெரியும், இருந்தாலும் உங்கள் குரல் கேட்கும்.

ஒரு யோசனை மட்டும் சொல்லுங்கள். ஸ்பீக்கர் முன்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னீர்கள். இந்தத் தட்டை டிவிக்கு முதுகில்தான் இருக்கிறது. சத்தம் சுவருக்குள் போய்விடுகிறது. தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்கட்டுமா, ஹெட்போன் போதுமா? பக்கத்து அறைப் பையன் வாங்கவே வேண்டாம் என்கிறான். சுவர் அட்டை மாதிரி, அவனுக்கு அந்தப் பக்கம் வர்ணனை மொத்தமும் கேட்கிறதாம். வெறுமனே கேட்பதற்கு லைசென்ஸும் வேண்டாம்; ரேடியோ லைசென்ஸை இங்கே 1971-லேயே ஒழித்துவிட்டார்கள்.

அன்புடன்,
செல்வம்