எட்டரைக்குள் அடங்காத பிள்ளைகள்

டெக்சாஸில் உங்கள் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், சிறப்புக் கல்வித் திட்டம் வகுக்கப் பள்ளியில் ஒரு கூட்டம் போடுவார்கள். மற்ற மாநிலங்களில் ஐ.இ.பி. கூட்டம், இங்கே ஏ.ஆர்.டி. கூட்டம். அதில் பெற்றோரும் சம உறுப்பினர் என்கிறது சட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் பள்ளி நிர்வாகி, வகுப்பாசிரியை, சிறப்பாசிரியை, உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், அச்சடித்துத் தயாராக வைத்த திட்டம். இந்தப் பக்கம் நீங்கள் இருவர், சமமாக.

மருத்துவர் கடிதம், வீட்டில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அதற்கு முன் இந்த மாநிலத்தின் மருத்துவ சாதனை ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2004-ல் டெக்சாஸ் மாணவர்களில் ஏறத்தாழ 12 சதவீதம் பேர் சிறப்புக் கல்வி பெற்றார்கள். மாநிலக் கல்வி முகமை ஓர் எண்ணை எழுதி வைத்தது: 8.5. அதைத் தாண்டும் பள்ளி மாவட்டத்துக்கு மதிப்பீட்டில் அடி விழும். அவ்வளவுதான், ஆட்டிசம் பின்வாங்கியது, டிஸ்லெக்சியா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியேறியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாநிலம் மொத்தமும் எட்டரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தேசிய சராசரி அப்போது 13. எல்லை தாண்டி லூசியானாவில் கால் வைத்ததும் குறைபாடு திரும்பி வந்துவிடும் போலிருக்கிறது.

2016-ல் ‘ஹூஸ்டன் கிரானிக்கிள்’ நாளிதழ் இதைப் போட்டு உடைத்தது. எந்த ஆய்வும் அந்த எண்ணைச் சொல்லவில்லை. முகமையோ அது உச்சவரம்பே இல்லை, வெறும் அளவுகோல் என்றது. இதைச் சிரிக்காமல் சொல்லத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கீடு குறையவில்லை.

பள்ளிகளில் யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடவில்லை. அங்கேதான் திறமை. “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே.” “ஆண் பிள்ளைகள் கொஞ்சம் மெதுவாகத்தான் வருவார்கள்.” வேற்றுமொழி பேசும் குடும்பங்களுக்கு இன்னொரு வசனம்: “வீட்டில் இரண்டு மொழி, பிள்ளை குழம்புகிறான்.” நம்மவர்களும் பயந்துபோய் வீட்டில் தமிழை நிறுத்திய கதை உண்டு. தமிழிலும் வாய் திறக்காத பிள்ளையை எந்த மொழி குழப்பியது என்று கேட்கத்தான் ஆளில்லை.

2017-ல் மாநிலச் சட்டமன்றம் இப்படி வரம்பு வைப்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை, மத்திய அரசின் சிறப்புக் கல்விச் சட்டத்தை டெக்சாஸ் மீறியது என்று அறிவித்தது. நல்லது. 2004-ல் ஐந்து வயதான பிள்ளைக்கு அப்போது பத்தொன்பது. அவனுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கலாம்.

வாஷிங்டன் ஒன்றும் யோக்கியமில்லை. 1975-ல் இந்தச் சட்டம் போட்டபோது, ஒரு மாணவருக்கு ஆகும் தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகப் பேச்சு. அந்த நாற்பதை ஒருமுறைகூட எட்டியதில்லை. இப்போது தருவது 15-க்கும் கீழே. ஆகவே உங்கள் கூட்டத்தில் கையெழுத்துப் போடாத உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் பட்ஜெட். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்ற கேள்வி வரும்போது எல்லோர் கண்ணும் அவர் பக்கம் போவதைக் கவனியுங்கள்.

அதனால் பரிசோதனை அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். நீங்கள் கேட்கும் சேவையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தருவது அவர்கள் கடமை. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதுவும் அவர்கள் செலவு. திட்டம் பிடிக்கவில்லையா, ‘ஏற்கவில்லை’ என்று குறியுங்கள். விசாரணைக்குப் போனால், 2005-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுத்தவர் தலையில். அதாவது பெரும்பாலும் உங்கள் தலையில். ஜெயித்தாலும், 2006-ன் தீர்ப்புப்படி, நிபுணருக்குக் கொடுத்த கட்டணம் திரும்பாது.

கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் வழக்கில் பள்ளி மாவட்டத்தின் வாதம் இது: ஒன்றுமே இல்லாததைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பலன் கிடைத்தால் போதும், சட்டம் அதற்குமேல் கேட்கவில்லை. சம்பளம் வாங்கும் வக்கீல்கள் இதை உச்ச நீதிமன்றம் வரை சுமந்து போனார்கள். 2017-ல் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகப் போதாது என்றார்கள். இதைச் சொல்ல எட்டுப் பேர் தேவைப்பட்டது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றைக் கோப்பின் மேலேயே வைத்து, எதிர்ப்பக்கத்துக்கு நேராகத் திருப்பி வையுங்கள்.