மருமவனுக்கு ஒரு டப்பா யோசனை

மருமவனே, காணும் பொங்கலுக்குச் சேக்காளிகளோட முயல்தீவுல மீன் சுடப் போறியாமே. சந்தோஷம். போன வருசம் நீ சுட்டுக் கொண்டாந்தது விளமீனா, பெட்ரோல் பங்க்கான்னு உன் அத்தைக்கு இன்னும் சந்தேகம் தீரல.

இந்தத் தடவை கரி பத்தவைக்க ஆன்லைன்ல என்னமோ சிம்னி பாத்து வச்சிருக்கியாம். படிச்ச பிள்ளை, செலவு பண்ணத்தான செய்யும்! 1961-ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்துச்சே, அது வரைக்கும் முத்துக்குளிக்க வந்த சனம் இந்தக் கரையிலதான் தங்கிப் பொங்கித் தின்னுச்சு. பாவம், அவங்களுக்கு ஆன்லைன் கிடையாது.

அந்தச் சிம்னிய நீயே செஞ்சுக்கலாம். உன் அத்தை பரண்ல பெரிய பால்பவுடர் டின் ஒண்ணு கெடக்கு, கேட்டு வாங்கு. கேக்காம எடுத்தா அப்புறம் நான் பொறுப்பில்ல. மேலயும் கீழயும் வெட்டி எடுத்துரு. அடியில இருந்து நாலு விரக்கடை மேல துளை போட்டு, கட்டட வேலையில மிஞ்சின கம்பியக் குறுக்கும் நெடுக்குமாச் சொருகு. கம்பிக்குக் கீழ சுத்தி விரல் நுழையிற அளவுக்கு ஓட்டை. பக்கவாட்டுல ஒரு மரப்பிடி. முதல்ல வெறும் டின்ன ஒரு தடவை எரிச்சு, பெயிண்டெல்லாம் போகட்டும். ஜி.ஐ. வாளிய வெட்டிறாத, அதுல பூசின துத்தநாகம் சூட்டுல ஆவியாக் கெளம்பி, காச்சல்ல படுக்கப்போடும்.

கரிக்கு விளாத்திகுளம், புதூர் பக்கத்து மூட்டக்கரியே போதும். வேலிக்கருவை விறக அடுக்கி, மண்ணால மூடி, காத்த ஒடுக்கி, நாள்கணக்குல புழுங்கவிட்டு எடுக்கிற சரக்கு. காத்த மறிச்சாத்தான் விறகு கரியாகும். காத்த விட்டாத்தான் கரி கங்காகும். இம்புட்டுதான் அந்தச் சிம்னியோட வித்தை. கீழ காஞ்ச பனஞ்சில்லாட்டையத் திணிச்சு, மேல கரியக் கொட்டி, அடியில தீக்குச்சியக் காட்டு. சூடான காத்து மேல ஏற ஏற, புதுக்காத்து ஓட்டை வழியாத் தானா உள்ள இழுபடும். நீ கன்னத்த உப்பிக்கிட்டு ஊத வேண்டாம், அந்த மூச்சக் கதை அளக்க வச்சுக்க.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. டின்ன மணல்ல நட்டுவச்சிட்டு, பத்தலைன்னு என்னைய வையாத. மணல் ஓட்டைய அடைச்சிரும். மூணு கல்லு மேல தூக்கி வையி. காமணி நேரம் போனா, மேல்கரி ஓரமெல்லாம் சாம்பல் பூக்கும். அப்பக் கொட்டிச் சுடு. அதுக்கு முன்னால மீன வச்சா, வெளிய கருகும், உள்ள பச்சையா இருக்கும், சேக்காளிக உன்னைய மாதிரியே பசியோட ஊரு திரும்புவானுக.

ராத்திரி குளிருதுன்னு கங்கக் கூடாரத்துக்குள்ள கொண்டு போயிராத. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குறவனை எழுப்பாமலே கொண்டுபோயிரும்.

கெளம்பும்போது கங்க மணலப் போட்டு மூடாத. மேல ஒண்ணும் தெரியாது, மறுநா வெறுங்காலோட ஓடுற பிள்ளைக்குத்தான் தெரியும். கடல் பக்கத்துலதான கெடக்கு, நாலு வாளி மொண்டு ஊத்திட்டு வா.