மீனம்பாக்கத்து ஜமுக்காளம்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒருவர் வளைகுடாவுக்குப் போகிறார் என்றால், வேன் பிடித்து ஒரு தெருவே சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் கிளம்பும். வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் புறப்படும். லாட்ஜில் தங்கக் காசிருக்காது. பொழுது சாயும் முன்பே வந்து இறங்கி, முனையத்துக்கு வெளியே ஜமுக்காளத்தை விரித்து, கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்துவிடுவார்கள்.

என் சித்தப்பா சவூதிக்குப் போன இரவில் நானும் அந்த ஜமுக்காளத்தில்தான் படுத்திருந்தேன். பக்கத்தில் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு குடும்பம். சோறு கைமாறியதும் பேச்சும் கைமாறியது. எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டுக்கொண்டார்கள். இறங்கியதும் எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்தத் தாளை யாரிடம் நீட்ட வேண்டும் என்று சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர், லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்துப் பெரியவர். “தம்பி, ரியாத்துல எம்மவன் இருக்கான். இந்த ஊறுகாய மட்டும் அவங்கிட்ட சேத்துருங்க” என்று வேறொரு அம்மா வந்து பொட்டலத்தை நீட்டினார். சித்தப்பா மறுபேச்சில்லாமல் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இன்று அப்படி யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சோதனைகள் இறுகின. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி அம்பலமான பிறகு, வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் பொதுவாக 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் புட்டி ஏறக் கூடாதென்றாகிவிட்டது. இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. உயிர்கள் சம்பந்தப்பட்டவை; அவற்றை நான் குறைசொல்லவில்லை.

என் வருத்தம், காத்திருப்பவர் உடம்பைச் சாய்க்க இடமில்லாமல் போனதைப் பற்றியது. சென்னையில் 2016-ல் மெட்ரோ ரயில் விமான நிலையம் வரை வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் புதிய முனையம் திறந்தார்கள். கூரை உயர்ந்தது, கடைகள் பெருகின, தரை பளபளக்கிறது. ஆனால் இன்று எந்த ஊர் விமான நிலையத்துக்குப் போனாலும் பெரும்பாலான இருக்கைகளுக்கு நடுவில் கைப்பிடி இருக்கிறது. உட்காரலாம், படுக்க முடியாது. படுக்க வேண்டுமென்றால் மணிக்கணக்கு வாடகையில் அறை உண்டு. தகுந்த கார்டு வைத்திருப்பவருக்கு லவுஞ்ச் சோபா உண்டு. தூக்கத்துக்கும் விலை வந்துவிட்டது. அதைக் கொடுக்க முடியாதவர், கடன் வாங்கிப் பிழைக்கப் போகிறவர், சார்ஜ் போடும் இடத்தருகே தரையில் சுருண்டுகொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் காதில் இயர்போன். முதல்முறை போகும் பையனுக்கு வழி சொல்ல ஆளில்லை.

சில காலம் முன்பு ஊர் திரும்பும் வழியில், இணைப்பு விமானத்துக்காக ஒரு விமான நிலையத்தில் காத்திருந்தேன். இரவு பத்து மணி விமானம் காலையில்தான் என்றார்கள். வளைகுடாவிலிருந்து வந்த இளைஞர்கள், பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் படுத்துவிட்டார்கள். கவுண்டரில் கேட்டபோதெல்லாம் “வெயிட் பண்ணுங்க” என்ற ஒரே பதில். கூட வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போனில் எதையோ தேடி எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

“சார், இது நீங்க செய்யுற தயவு இல்ல. அரசாங்கம் போட்ட விதி. படிச்சுப் பாருங்க.”

அவர் காட்டியது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், விமான நிறுவனம் தன் செலவில் ஓட்டலில் தங்கவைக்க வேண்டும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால், எந்த வேளை விமானமானாலும் அப்படித்தான். தாமதம் குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டினால் சாப்பாடும் தர வேண்டும். சிறு தூர விமானங்களுக்கு அந்த வரம்பு 2 மணி நேரம்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டலுக்கு அழைத்துப்போக பஸ் வந்தது. ஏறும்போது ஒரு பையன் அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “டீச்சர், இதுக்கு நாங்க காசு எதுவும் கட்டணுமா?” வருஷக்கணக்கில் விமானத்தில் போய்வரும் பிள்ளைக்குத் தன் உரிமை இதுவென்று யாருமே சொன்னதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

விலையில்லாமல் தூங்க இடம் தருவது முடியாத காரியமல்ல. சிங்கப்பூர் சாங்கியில், பயணிகள் சாய்ந்து கண்ணயர நீள் இருக்கைகள் இலவசமாகவே இருக்கின்றன. 2008-ல் திறந்த மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டத்தையும் காசில்லாமல் பார்க்கலாம். நம் சென்னையிலேயே, விமான நிலையத்தில் எல்லாம் யானை விலை என்றிருந்த நிலையில், 2025 பிப்ரவரியில் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்து 10 ரூபாய்க்கு டீ கொடுக்கிறார்கள். டீக்குச் செய்ய முடிந்ததைத் தூக்கத்துக்கும் செய்யலாம். ஒவ்வொரு முனையத்திலும் கைப்பிடி இல்லாத ஒரு பகுதியை ஒதுக்குங்கள். தாமத விதியைப் பயணிகளின் மொழியில், கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை விமானம் தாமதமாகி ராத்திரி நீளும்போது, இயர்போனைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் தரையில் படுத்திருக்கும் தம்பியிடம் இந்த விதியைச் சொல்லுங்கள்.