மாட்டைக் கேளுங்கள், மருந்து தரும்

கேள்வி: அமெரிக்காவில் மனிதனுக்கான நோய் எதிர்ப்பு மருந்தைப் பசுவின் உடம்பில் தயாரிக்கிறார்களாமே! அந்தப் பாலைக் குடித்தால் போதுமா?

பதில்: கறப்பது பால் அல்ல, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா! ஏன் என்று புரிய, பாம்புக்கடிக்கு நாம் போடும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் குதிரைச் சரக்கு என்று நம் உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது. சிலருக்குத் தடிப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல்கூட வரும்.

உடம்புக்கும் குதிரைச் சரக்குக்கும் நடக்கும் இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரத்து விஞ்ஞானிகள் பசுவிடம் போனார்கள். பசுவின் சொந்த ஆன்டிபாடி மரபணுக்களை முடக்கி, மனித ஆன்டிபாடி மரபணுக்கள் அடங்கிய செயற்கைக் குரோமோசோமை உள்ளே வைத்தார்கள். 2002-இல் முதல் கன்றுகள் பற்றிய செய்தி வந்தபோது கூட்டாளி யார் தெரியுமா? ஜப்பானின் கிரின் பீர் கம்பெனி! இப்போது கிருமியின் ஒரு துண்டை ஊசியில் ஏற்றினால், அந்தப் பசு மனித ஆன்டிபாடியைச் சுரக்கிறது. சோதனைக்கூட எலியைவிடப் பசுவிடம் ரத்தம் எத்தனை மடங்கு! அதனால் மருந்தும் அதிகம் கிடைக்கும். மெர்ஸ் என்ற வைரஸ் காய்ச்சலுக்கு இப்படி எடுத்த மருந்தை 38 ஆரோக்கியமானவர்களை வைத்துச் சோதித்தார்கள்; பாதுகாப்பானது என்று 2018-இல் முடிவு வெளியானது.

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் பாம்பு கடித்தால் இன்றைக்கும் குதிரை மருந்துதான் கதி. பச்சிலை, மந்திரம் என்று நேரத்தைக் கடத்தாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.